பதினான்காம் மாதத்து அளவுகள்

பேராசிரியர் கிரேசி சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் கட்டட அமைப்பியல் நடத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் விருத்தாசலத்தில் அப்பா விட்டுப்போன வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது இரண்டு பேர், "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்பார்கள். மற்ற நாட்களில் பால்காரரைத் தவிர யாரோடும் பேச்சு கிடையாது.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை. பீங்கான் பட்டறைகளில் உடைந்து குவியும் சில்லுகளை, ஜல்லிக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் போடலாம் என்று அதில் நிறுவியிருந்தார். பத்து வருடமாக எங்கெங்கோ உள்ளவர்கள் அதை மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதை நம்பிச் செய்து பார்த்தவர் தெய்வநாயகம். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருப்பவர். எட்டு வருடத்துக்கு முன் கல்யாண மண்டபம் கட்டியபோது, தன் பட்டறைச் சில்லையே போட்டுச் சாப்பாட்டுக் கூடத்தின் கூரையைத் தாங்கும் பீம்களை வார்த்தார். கலவை விகிதம் எழுதிக் கொடுத்தது கிரேசிதான்.

இந்த மாசியில் தெய்வநாயகம் வீடு தேடி வந்தார்.

"மேடம், ஒரு வாட்டி வந்து பாருங்க. பந்தி பரிமாறுற ஆளு ஒருத்தன், மேல வளைஞ்சிருக்குதேன்னு கேக்குறான். எனக்கு ஒண்ணும் தெரியல."

கிரேசி போனார். ஏணியில் தானே ஏறி, ஒரு பீமின் இரு முனைக்கும் நூல் கட்டி இழுத்து, நடுவில் ஸ்கேல் வைத்துப் பார்த்தார். பதினெட்டு மில்லிமீட்டருக்கு மேல் தொய்வு வரக் கூடாது என்று மண்டபம் கட்டும்போது கணக்குப் போட்டிருந்தார். நாற்பத்தொன்று இருந்தது. பீமின் அடிப்பக்கத்தில் மயிரிழை விரிசல்கள். மற்ற மூன்று பீம்களும் அப்படியே.

"முதல்ல மாடியில இருக்கிற தண்ணித் தொட்டிய காலி பண்ணுங்க. அடியில முட்டு குடுங்க. நான் சொல்ற வரைக்கும் யாரையும் உள்ள விடாதீங்க," என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய ஆய்வுக்கூட நோட்டுகளை எடுத்தார். சோதனைப் பீம்களின் மேல் எடை ஏற்றி வைத்து, வாரா வாரம் தொய்வை அளந்த நோட்டுகள். ஒரு வருடத்தில் தொய்வு நின்றுவிட்டது என்றுதான் கட்டுரை சொன்னது. ஆனால் பதினான்காம் மாதத்தில் அது மறுபடி கூடியிருந்தது. அந்த மாதத்து நான்கு அளவுகளின் மேலும் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் அவர் கையெழுத்தில், 'கருவிக் கோளாறு'. அளவு எடுத்தவள் வெண்மதி, அப்போது அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்தவள். தான் அந்தக் கருவியைக் கழற்றிப் பார்க்கக்கூட இல்லை என்பது கிரேசிக்கு இப்போது ஞாபகம் வந்தது. கட்டுரை அனுப்பக் கடைசித் தேதி நெருங்கியிருந்தது.

வெண்மதி இன்று கோயம்புத்தூரில் பேராசிரியை. கிரேசி போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் அன்னிக்கே சொன்னேன் மேடம். கருவி சரியாத்தான் இருக்குதுன்னு சொன்னேன்."

"சொன்ன."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"கட்டுரைய வாபஸ் வாங்கறேன்னு எழுதப் போறேன். வேற யாராவது இத நம்பி கட்டிடக் கூடாது."

"அதுல என் பேரும் இருக்குது. என் தீஸிஸே அதுமேலதான் நிக்குது. மண்டபத்த சரி பண்ணிட்டா போதாதா?"

"அளவ அடிச்சது நான்தான்னு தெளிவா எழுதறேன், வெண்மதி."

"எழுதுங்க. யாரு அதப் படிக்கப் போறா? பேரத்தான் பாப்பாங்க."

போன் துண்டிக்கப்பட்டது. கிரேசி இரண்டு நாள் எழுதாமல் இருந்தார். மூன்றாம் நாள் எழுதி, அந்த நோட்டுப் பக்கத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பினார்.

சித்திரையில் கட்டுரை விலக்கிக்கொள்ளப்பட்டது. கல்லூரி ஆண்டு விழாவுக்கு வழக்கமாக வரும் அழைப்பு வரவில்லை. வெண்மதிக்கு மூன்று முறை போன் செய்தார், எடுக்கவில்லை. பிறகு செய்வதை நிறுத்திக்கொண்டார்.

மண்டபத்துக்கு வாரத்தில் நான்கு நாள் போனார். ஒவ்வொரு பீமுக்கும் நடுவே இரும்புத் தூண் நிறுத்தி, தரையில் அதற்குத் தனி அடித்தளம் போட வைத்தார். தப்பு தன்னுடையதுதான் என்று கிரேசி சொல்லியிருந்ததால், தெய்வநாயகம் முதலில் முகம் கொடுக்கவில்லை. கடைசித் தூண் நின்ற அன்று பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க சொல்லாம வுட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது மேடம்."

"எனக்குத் தெரியுமே."

அவர் தலையாட்டினார். "ஆவணியில எம் பொண்ணுக்குக் கல்யாணம். இங்கதான். வந்துடுங்க."

கிரேசி போனார். கூடத்தில் கூட்டம் முட்டியது. தூண்களுக்குப் பச்சைத் தாள் சுற்றி, பூச்சரம் கட்டியிருந்தார்கள். முதலில் அளந்த பீமுக்கு நேர்கீழே ஒரு இடம் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தார். பக்கத்து இலையில் இருந்த அம்மாள் சிநேகமாகத் திரும்பினாள்.

"நீங்க பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

"ரெண்டும் இல்லீங்க."

"தனியாவா வந்தீங்க?"

"ஆமாங்க."

அந்த அம்மாள் அடுத்த பக்கம் திரும்பித் தன் உறவுக்காரரோடு பேசத் தொடங்கினாள். கிரேசி இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். ஒருமுறை மேலே பார்த்தார். பிறகு பரிமாறியவரிடம் இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டு வாங்கி, மெதுவாகச் சாப்பிட்டார்.