கரையேறின வள்ளத்தின் தக்கை

என் மகன் அமல்ராஜ் இத்தாலியிலிருந்து பெண்சாதி பிள்ளையோடு வந்து, கற்பிட்டியில் ஒரு பாய்க்கப்பலை வாடகைக்கு எடுத்து ஒரு கிழமை கடலில் திரிந்தான். என்னையும் ஏற்றிக்கொண்டான். கடலில் கிடந்து வளர்ந்தவனுக்கு வாடகைக் கப்பல் எதற்கு என்று கேட்டேன்.

"அஸ்காவுக்குக் காட்டத்தானப்பா" என்றான்.

அஸ்கா அவன் மகள். என்னை நொன்னோ என்று கூப்பிடுவாள். அது அங்கே அப்பப்பாவாம். வேறு ஏதும் அர்த்தம் வைத்துச் சொல்லிக் கொடுத்திருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம். கப்பலோட்டி நிக்கொலஸ் வெள்ளைக்காரர்களோடு பழகுகிறவன், அவனிடம் கேட்ட பிறகுதான் நம்பினேன்.

நிக்கொலஸையும் நான் முழுக்க நம்பவில்லை. மேலே பாயை விரித்துவிட்டுக் கீழே எஞ்சினையும் ஓடவிடுவான். எது இழுக்கிறது என்று கேட்டால் பல்லைக் காட்டுவான். பத்தலங்குண்டுத் தீவு வரைக்கும் போனோம். ஓங்கில் மீன்கள் கூட்டமாய்த் துள்ளி வந்தன. பிள்ளை கத்திக் கைதட்டினாள். மகன் ஃபோனில் படம் பிடித்தான். அந்த ஏழு நாளும் அவன் ஒரு கயிற்றையும் தொடவில்லை. சுற்றுலா வந்தவர் கயிறு தொடக்கூடாது என்பது வாடகைச் சட்டமாம். அவன் தொட ஆசைப்பட்டதாகவும் எனக்குத் தெரியவில்லை.

நான் கப்பலில் கிடந்தது ஒரேயொரு விஷயத்துக்காக. கடைசி இரவு எங்கள் வீட்டில் படுப்பது என்று பேச்சு. முழங்கால் வலியால் என் பெண்சாதி அல்பொன்சா கப்பலுக்கு வரவில்லை. "தண்ணிக்கு மேல படுக்க நானென்ன கடல்காகமா? கடைசி ராவு இஞ்சதானே, அது எனக்குக் காணும்" என்றாள். அறைக்கு வெள்ளை அடித்தோம். புது நுளம்பு வலை கட்டினோம். மருமகள் ஷானிகா குந்தியிருக்கமாட்டாள் என்று கக்கூசுக்குக் கொமட் கூட வைத்தேன். அவள் வரும்வரை அல்பொன்சா அதில் யாரையும் இருக்கவிடவில்லை, என்னையும்தான்.

கடைசி நாள் காலையில் ஷானிகாவின் ஃபோனுக்கு ஏதோ வந்தது. விமானத்தை ஒரு நாள் முன்னுக்குத் தள்ளிவிட்டார்களாம். இன்றிரவே போக வேண்டுமாம். விமான நிலையத்துக்குப் போகிற வான் வண்டி பின்னேரம் நேரே இறங்குதுறைக்கு வந்துவிடும் என்று அமல்ராஜ் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"வீட்ட?" என்றேன்.

"நேரம் காணாதப்பா."

நான் ஷானிகாவைப் பார்த்தேன். அவள் குனிந்து பிள்ளையின் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். இவளுடைய வேலைதான் என்று நினைத்தேன். ஃபோனில் வருவதை யார் கண்டது. காலையிலேயே அல்பொன்சா நண்டுக்காரனைப் பிடித்திருப்பாள்.

கப்பலைத் திருப்பிக் கொடுக்கிற வேலை தொடங்கியது. நிக்கொலஸ் கோப்பை, கரண்டி, மிதவைச் சட்டை எல்லாவற்றையும் எடுத்து வெயிலில் பரப்பினான். கரைப்பக்கம் தண்ணீர் குறைவு, கப்பல் வெளியே நங்கூரத்தில்தான் கிடக்கும். சாமானும் ஆட்களும் சின்ன வள்ளத்தில்தான் கரைக்குப் போகவேண்டும். முதல் நடை பெட்டிகள். அமல்ராஜும் நானும் போனோம். சின்ன வள்ளம் என்றபடியால் நிக்கொலஸ் எஞ்சினை அவன் கையில் விட்டான். வள்ளத்தை மணலில் இழுத்து ஏற்றிப் பெட்டிகளை இறக்கினோம்.

எங்கள் பக்கத்தில் வள்ளம் மணலில் ஏறினால் முதல் வேலை தக்கையைப் பிடுங்குவது. பின்பக்கம் அடியில் விரல் நுழையுமளவு ஒரு துளை இருக்கும். அடைத்திருக்கும் ரப்பர் தக்கையை எடுத்தால் உள்ளே தேங்கின தண்ணீர் வடியும். யாரும் யாருக்கும் சொல்வதில்லை. ஏறின வள்ளம் அன்றைக்கு இறங்காது, ஆகவே எடுக்கிறவன் தக்கையை மடியில் சொருகிக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

திரும்பக் கப்பலுக்கு வள்ளத்தைத் தள்ளினோம். நான் முன்னுக்கு இருந்தேன், மகன் பின்னுக்கு எஞ்சினோடு. கொஞ்சத் தூரம் போக இடுப்பில் ஏதோ குத்தியது. தடவிப் பார்த்தேன். தக்கை.

வாய் திறந்திருக்க வேண்டும். நான் திறக்கவில்லை. அந்த இடத்தில் தண்ணீர் நெஞ்சளவும் வராது, சாக யாருமில்லை. வள்ளம் தாழ்ந்தால் எஞ்சின் நனையும். எஞ்சின் நனைந்தால் இன்றைக்கு யாரும் எங்கேயும் போகமாட்டார்கள். நண்டு ஆறாது. நான் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது.

எஞ்சின் சத்தம் குறைந்தது. திரும்பினேன். அமல்ராஜ் தூரத்தைப் பார்த்தபடிதான் இருந்தான். ஆனால் அவனுடைய வலது குதிக்கால் துளையின் மேல் போய் அழுத்திக்கொண்டிருந்தது. சின்ன வயதில் என்னோடு வரும்போது தக்கை கழன்றால் அப்படித்தான் வைப்பான். அவனே குனிந்து தன் காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்பா, தக்கை எங்க?"

"மடியில."

"ஏன் எடுத்தீங்க?"

"கை எடுத்தது. கரையேறின வள்ளத்தில தக்கைய விடுறவன் ஆரு?"

"எப்பயிருந்து தெரியும்?"

"கொஞ்சம் முந்தி."

"தாங்க."

நான் கொடுக்கவில்லை. "அம்மா நண்டு காய்ச்சி வச்சிருப்பா" என்றேன்.

அவன் எஞ்சினை நிறுத்திவிட்டான். வள்ளம் சும்மா ஆடியது. வெட்டின எண்ணெய்க் கானால் உள்ளே வந்த தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றினான். குதிக்காலை எடுக்கவில்லை.

"உன்ர மனிசிக்கு எங்கட வீடு சரிவராதெண்டா நேர சொல்லியிருக்கலாம்" என்றேன். "பிளேன்ல பொய் போடத் தேவையில்ல."

"பிளேன் மெய்தானப்பா."

"ஓம் ஓம்."

"மெய்தான். ஆனா மூண்டு நாலு மணித்தியாலம் இருக்கு. வீட்ட போய்ச் சாப்பிட்டுட்டுப் போவமெண்டு ஷானிகாதான் சொன்னா. நான்தான் வானை நேர துறைக்கு வரச் சொன்னன்."

"நீயா?"

"நான்தான்."

"ஏன்?"

அவன் இன்னும் இரண்டு கான் தண்ணீர் ஊற்றினான். "போற நாளண்டைக்கு அம்மா வாசலில நிப்பா. ஒண்டும் சொல்லமாட்டா. சும்மா நிப்பா. போன முறை அதைப் பாத்திட்டுக் கட்டுநாயக்கா ஏயாப்போட் வரைக்கும் நான் வாய் திறக்கேல்ல. இந்த முறை ஏலாதப்பா. கப்பல்ல வந்தமா, கப்பலால போனமா எண்டு போயிருவமெண்டு பாத்தன்."

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேலா, இத்தாலி மேலா, எதன் மேல் என்று தெரியவில்லை.

"நீ வராட்டியும் அவ வாசலிலதான்டா நிப்பா" என்றேன். "இப்பவே நிப்பா."

கடற்காற்று வள்ளத்தைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனது. கப்பலிலிருந்து நிக்கொலஸ் கூவினான்: "என்ன தேப்பனும் மகனும் மீன் பிடிக்கிறீங்களா? வான் வந்து நிக்குது."

நான் மடியை அவிழ்த்துத் தக்கையை நீட்டினேன். அமல்ராஜ் வாங்கி, குதிக்காலை எடுத்த கையோடு உள்ளே வைத்து உள்ளங்கையால் இரண்டு அடி அடித்தான். சரியாகத்தான் அடித்தான்.

"நண்டுக்கு முருங்கையிலை போட்டிருப்பாவா?" என்றான்.

"போய்ப் பார்."

ஷானிகாவையும் அஸ்காவையும் நிக்கொலஸையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வள்ளம் மணலில் முட்டியதும் எல்லோருமாய் இறங்கி இழுத்தோம். பிள்ளை பின்னால் நின்று தள்ளுகிறேன் என்று கத்தினாள். வீட்டுக்குப் போகிறோம் என்று அமல்ராஜ் சொல்ல, ஷானிகா அவனை ஒரு பார்வை பார்த்தாள். "இதைத்தானே நான் காலமையிலயிருந்து சொல்லுறன்" என்றாள். அவளை நான் பிழையாக நினைத்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுடைய பையை வாங்கி வானில் வைத்தேன், அவ்வளவுதான்.

பாலாவி வீதியிலிருந்து உள்ளே இறங்கினால் எங்கள் வீடு. அல்பொன்சா வாசலில் நின்றாள். விமானத்தின் கதையை நான் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் அறையைப் பார்த்தாள். பிறகு சோற்றைப் போட்டாள். முருங்கையிலை போட்டிருந்தாள். அமல்ராஜ் நண்டுக்காலைச் சத்தம் கேட்கக் கடித்தான். அஸ்காவுக்கு உறைத்து மூக்கால் ஓடியது, இன்னும் கேட்டாள். சாப்பிட்டுவிட்டு நுளம்பு வலைக்குள் புகுந்தாள். கூடாரம் என்று நினைத்திருப்பாள். உள்ளேயே நித்திரையாகிவிட்டாள். அல்பொன்சா முழங்காலை மறந்து பக்கத்தில் போய் இருந்து, விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். வான்காரன் இரண்டு தரம் ஹோன் அடித்தான். மூன்றாம் தரம் நான் போய் அவனுக்கும் ஒரு கோப்பை சோறு கொடுத்தேன்.

பிள்ளையை எழுப்பித்தான் ஏற்றவேண்டியிருந்தது. "எங்கட வீட்டில படுத்தெழும்பிற்றாள்தானே" என்றாள் அல்பொன்சா.

வானில் ஏறும்போது பாஸ்போட்டைத் தேடி அமல்ராஜ் காற்சட்டைப் பையில் கைவிட்டான். கையோடு வந்தது தக்கை. வள்ளத்தைக் கடைசியாய்க் கரையேற்றியபோது எடுத்திருக்கிறான். நான் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை போல. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"கை எடுத்திருக்கு" என்றான்.

"ஓம்."

"நிக்கொலஸிட்டக் குடுத்திருங்கப்பா."

"எடுத்தவன்தான் வைக்கவேணும். வந்து வை."

சிரித்தான். எப்போது என்று நான் கேட்கவில்லை, கேட்டால் ஏதாவது மாதம் சொல்லுவான், நான் அதை நம்பமாட்டேன். தக்கையை என் கையில் வைத்துவிட்டு ஏறினான். அல்பொன்சா வாசலில் நின்றாள். இம்முறை அவன் கண்ணாடியை இறக்கி, வளைவு வரைக்கும் அவளைப் பார்த்துக்கொண்டே போனான்.

நிக்கொலஸ் இப்போது துணி சுற்றின கட்டையால் துளையை அடைத்துக்கொண்டு வள்ளம் ஓட்டுகிறான். சந்தையில் கண்டால் தக்கையைக் கேட்பான். "எடுத்தவன் வந்து தருவான்" என்று சொல்வேன். பெரியவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று மீன்காரனிடம் சொன்னானாம்.

தக்கையை அல்பொன்சா அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைத்திருக்கிறாள். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அவர். கையில் இருக்கிற சாமானை அவரிடம் வைத்தால் அவர் எதைத் தேடுவது என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரியும். நீங்க சும்மா இருங்க" என்றாள்.