எடைக்கு எடை

கடையில் எல்லோரும் அவனைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மூன்று மாடி எலக்ட்ரானிக்ஸ் கடையில், பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிப் போகும் எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் அவனுக்கு வேலை. வேலை என்றால் ஒன்றே ஒன்று. வந்து சேருகிற மிக்ஸியோ, மின்விசிறியோ, டிவியோ, எதுவானாலும் அதன் வயரை உடம்போடு ஒட்ட வெட்டவேண்டும். ஒரு விரல் நீளம்கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இருந்தால் எவனாவது ஒட்டுப் போட்டு இன்னும் பத்து வருஷம் ஓட்டிவிடுவான், அப்புறம் புதியதை யார் வாங்குவது? மேனேஜர் இதை இவ்வளவு பச்சையாகச் சொன்னதில்லை. ஆனால் கடையில் எல்லோருக்கும் தெரியும்.

கத்தரி அதில் கெட்டிக்காரன். முழ நீளக் கைப்பிடி போட்ட கட்டரை வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் ஒரு நாளைக்கு அறுபது வெட்டுவான். வயரைத் தவிர எதையும் பார்க்கமாட்டான். பார்த்தால் வேகம் போய்விடும் என்று அதற்கு ஒரு சித்தாந்தம் வேறு வைத்திருந்தான்.

வீட்டில் அவன், அவன் மனைவி, அவன் அண்ணன், மூன்றே பேர். அண்ணனுக்குப் பத்து வருஷத்துக்கு முன்னால் இரண்டு கண்ணும் போய்விட்டது. போனபோதுகூட அந்த மனுஷன் வாயைத் திறந்து யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அவரிடம் இருந்தது ஒரு பழைய ரேடியோ. இரண்டே குமிழ். வலது குமிழில் தனக்கு வேண்டிய நிலையம் வருகிற இடத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தார். நகம் பட்டால் போதும், நிலையம் கையில் வந்துவிடும். காலை ஏழு மணிச் செய்தி முடிந்ததும் படியிறங்கிப் போய்த் தெருமுனையில் பால் வாங்கி வருவார். அந்த வீட்டில் அது அவருடைய வேலை. மழை என்றாலும் விடமாட்டார்.

ரேடியோவுக்குத் தடித்த காக்கித் துணியில் ஓர் உறை. குமிழ்களுக்கு இரண்டு ஓட்டை, சத்தம் வர ஒரு சதுரம். வாங்கிய மறுநாளிலிருந்து அது உறைக்குள்தான் இருந்தது. இருபது வருஷம் கூட வாழ்ந்தும் கத்தரி அந்த ரேடியோவின் உடம்பைச் சரியாகப் பார்த்ததில்லை.

அவன் மனைவி தங்கமான மனுஷி. புருஷனின் அண்ணனுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று வெகுநாளாக அவளுக்கு ஆசை. ரேடியோ கொஞ்சம் கரகரக்க ஆரம்பித்ததும், "மாமா, புதுசா ஒண்ணு வாங்கித் தரட்டுமா? நூறு நிலையம் வருதாம்" என்று கேட்டாள். "உனக்குச் சரின்னாச் சரிம்மா" என்றார் அவர். வேண்டாம் என்று சொல்வதும் ஒருவகையில் கேட்பதுதான் என்று நினைக்கிற ஆள். அவள் உறையைக் கழற்றித் துவைத்துப் போட்டுவிட்டு, புருஷனுக்கும் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அவன் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்துக் கடைக்கு வந்தாள். கவுண்டரில் இருந்த பெண் ரேடியோவை எடை போட்டு, மற்றவற்றோடு அலமாரியில் வைத்தாள்.

கத்தரி கைகழுவிவிட்டு வந்தான். அலமாரியில் இருபத்து மூன்று உருப்படி. பக்கத்து கவுண்டர்காரனிடம் முதல்நாள் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருபத்து மூன்றையும் வெட்டித் தள்ளினான்.

சாயங்காலம் வீட்டில் மேஜைமேல் கண்ணாடிப் பலகைபோல ஒன்று பளபளத்தது. "எப்படி இருக்கு? உங்க கடைதான். பழசை எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டேன்" என்றாள் மனைவி, முகமெல்லாம் சிரிப்பாக. கொடியில் அந்தக் காக்கி உறை காய்ந்துகொண்டிருந்தது. "எத்தனை மணிக்கு வந்தே?" என்று மட்டும் கேட்டான். அவள் சொன்னாள். அவன் வெட்டிய இருபத்து மூன்றில் அதுவும் ஒன்று. ராத்திரி தட்டை அப்படியே நகர்த்திவைத்தான்.

புதிய ரேடியோவில் குமிழ் இல்லை. முழுக்க வழவழப்பு. மனைவி யோசித்து, தொடவேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சட்டைப் பொத்தானை ஒட்டினாள். ஒருமுறை தொட்டால் பாட்டு. மறுமுறை தொட்டால் அதே இடம் வேறு எதற்கோ மாறி, ஒரு பெண் குரல் தேதியைச் சொல்லும். அண்ணன் நாலு நாள் அதோடு மல்லுக்கட்டினார். ஐந்தாம் நாள் காலையில், "தம்பி, கொஞ்சம் போட்டு விடறியா?" என்றார்.

பத்து வருஷத்தில் அவர் கேட்ட முதல் உதவி அது. கத்தரி ஓடிப்போய்ப் போட்டுவிட்டான். போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

பத்தொன்பதாம் நாள் அது மூச்சை நிறுத்தியது. கடையில் முகம் சுளிக்காமல் வேறொன்று கொடுத்தார்கள். அது பதினோரு நாள் ஓடியது. திறந்து பார்க்கலாம் என்று கத்தரி திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு திருகாணிகூட இல்லை, சுற்றிலும் பசை போட்டு ஒட்டியிருந்தது. சர்வீஸ் ஆள், "அதெல்லாம் திறக்க வராதுண்ணே. மாத்தித் தருவோம், அவ்ளோதான்" என்றான். இதற்கிடையில் அண்ணன் ரேடியோவைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். "மணி என்னம்மா?" என்று ஒருநாள் கேட்டார், மறுநாள் அதையும் கேட்கவில்லை. செய்தி நின்றதோடு அவர் படியிறங்குவதும் நின்றது, பாலை மனைவி வாங்கிவர ஆரம்பித்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து, மடித்து வைத்த உறையைத் தடவிக்கொண்டிருந்தார்.

வெட்டிய சாமான்கள் கடையின் அடித்தளத்தில் ஓர் அறையில் குவியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாரி வந்து அள்ளிப்போகும். அந்த முறை லாரி மறுநாள் வருவதாக இருந்தது. கத்தரி செத்த ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு மேனேஜர் முன்னால் போய் நின்றான்.

"மூணாவது ஒண்ணு எடுத்துக்கப்பா. வாரண்டி இருக்கில்ல?"

"மூணாவது வேணாம் சார். பழசு வேணும். கீழ ரூம்ல இருக்கு."

"வெட்டியாச்சே?"

"நான்தான் சார் வெட்டினேன்." கையிலிருந்ததை மேஜைமேல் வைத்தான். "அண்ணனோடது. பால் வாங்கக்கூட இப்ப அவரு போறதில்ல சார்."

பால் கதை மேனேஜருக்குப் புரியவில்லை. அவன் முகம் புரிந்தது. "அந்த ரூம்ல ஒவ்வொண்ணும் எடை போட்டு ஏத்தினது. லாரிக்காரன் மொத்த எடையைச் சரிபார்ப்பான். குறைஞ்சா என் தலைதான் உருளும்" என்றார். கொஞ்சநேரம் பேனாவை உருட்டினார். "ஒண்ணை எடுத்தா, எடைக்கு எடை வேற ஒண்ணு வை. எனக்கு அதுபோதும்."

மேனேஜரோடு கீழே போனால் மலைபோலக் கிடந்தது. எல்லாம் அவன் கைவேலை. நூற்றுக்கணக்கில் மொட்டை மொட்டையாகக் கிடந்த சாமான்களைப் பார்த்ததும் அவனுக்கே என்னவோபோல இருந்தது. ரேடியோக்கள் மட்டும் நாற்பதுக்கு மேல். உறை இல்லாமல் எல்லாம் ஒரே ஜாடை. சட்டை போடாத வாத்தியாரை ஆற்றங்கரையில் பார்த்தமாதிரி, எது நம்முடையது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் ஒவ்வொன்றாக மடியில் வைத்து வலது குமிழை நகத்தால் தடவிப் பார்த்தான். முப்பத்தொன்றாவதில் கீறல் தட்டுப்பட்டது.

தராசில் பழையது இரண்டரை கிலோ. அதை எடுத்துவிட்டுச் செத்த புதியதை வைத்தால் முந்நூறு கிராம் என்று காட்டியது. மேனேஜரே சிரித்துவிட்டார். கத்தரி சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு தன் கட்டரைத் தூக்கித் தராசில் வைத்தான். இரண்டு கிலோவைத் தொட்டது.

"டேய், நாளைக்கு எதை வெச்சு வெட்டுவே?"

"நாளைக்குப் பாத்துக்கலாம் சார்."

மேனேஜர் மாடிக்குப் போனார். இருபத்தைந்து வருஷ சேவைக்காகக் கம்பெனி அவருக்குப் பரிசாகக் கொடுத்த கடிகாரத்தோடு இறங்கிவந்தார். "எட்டு மாசத்துல நின்னுபோச்சு. அடிப்பக்கம் மட்டும் நல்ல கனம்" என்று அதைத் தராசில் வைத்தார். முள் சரியாக இரண்டரைக்கு வந்து நின்றது.

அன்று கத்தரி வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றவில்லை. நாலு திருகாணி. பழைய ரேடியோவின் முதுகு மரியாதையாகத் திறந்துகொண்டது. வயரை உடம்போடு ஒட்ட வெட்டியிருந்ததால் உள்ளேயிருந்து நுனியை வெளியே இழுத்து வேறொரு வயரை ஒட்டுப் போட வேண்டியிருந்தது. தன் வேலை இவ்வளவு சுத்தமாக இருந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான். டேப் சுற்றி, மூடி, மனைவி உறையைப் போட்டுவிட, அண்ணன் மடியில் வைத்தான்.

அண்ணனின் விரல் நேராகக் குமிழுக்குப் போனது. கீறலைத் தொட்டது. கரகரப்போடு யாரோ வானிலை சொன்னார்கள். அவர் சத்தம் போடாமல் சிரித்தார். அப்புறம் அவர் கை பின்பக்கம் போய் வயரைத் தடவி, டேப் புடைத்திருந்த இடத்தில் நின்றது.

"இங்க என்னடா முடிச்சு?"

"வெட்டுப்பட்டுதுண்ணா."

"யாரு வெட்டினா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான்" என்றான் கத்தரி. "பாக்காம வெட்டிட்டேன்."

அண்ணன் அந்த முடிச்சை இன்னொருமுறை தடவினார். "பாக்காம செய்யறதெல்லாம் என் வேலைடா. அதுல நீ ஏன் போட்டிக்கு வர்றே?" என்றார். சொல்லிவிட்டு அவன் தலையைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு தட்டு தட்டினார். மறுநாள் ஏழு மணிச் செய்தி முடிந்ததும் படியில் அவருடைய காலடிச் சத்தம் கேட்டது.

கடையில் கத்தரிக்குப் புது கட்டர் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது வயரிலேயே அதன் வாய் மழுங்கிவிட்டது. நாலாவதாக ஓர் அம்மாள் ஒரு பழைய டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்து வைத்தாள். கத்தரி தலையை நிமிர்த்தினான்.

"இதை வீட்ல யாரு கேப்பாங்க?"

"என் மாமனார். ஏன்?"

"அவர்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

பின்னால் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். கத்தரி கட்டரைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாளின் பதிலுக்காகக் காத்திருந்தான்.