பீரோவில் வைத்த சர்டிபிகேட்டுகள்

அந்த யோசனையைச் சொன்னது வினோலியாதான். டாக்டர் மோகன்குமாருக்கு அது தானாகத் தோன்றியிருக்காது.

மல்லசமுத்திரத்தில் அவருடைய ஆஸ்பத்திரி எட்டுப் படுக்கை கொண்டது. ஒன்றரை வருஷத்தில் பதினொரு நர்ஸ்கள் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். ஒருத்தி கல்யாணம் என்றாள். ஒருத்தி கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி கிடைத்துவிட்டது என்றாள். ஒருத்தி மத்தியானம் சாப்பிடப் போனவள் திரும்பவே இல்லை, போனையும் அணைத்துவிட்டாள். ஒருத்தி போனால் இருப்பவர்களுக்கு இரட்டை ஷிப்ட். இரட்டை ஷிப்ட் பார்த்துப் பார்த்து அவர்களில் இன்னொருத்தி போவாள். ஆள் தேடுவது, பழக்குவது, ஷிப்ட் போடுவது, போனவளைக் கெஞ்சிக் கூப்பிடுவது எல்லாம் வினோலியாவின் தலையில். சேலத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிறவள். ரிசப்ஷனில் சேர்ந்து, பதினாலு வருஷத்தில் மேனேஜர் என்று பேர் வாங்கியவள். ஒரு நாள் ஆளில்லாமல் டாக்டரே ட்ரிப் பாட்டிலை மாட்டிக்கொண்டு நின்றபோது அவள் சொன்னாள்.

“டவுன்ல சில இடத்துல, சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வெச்சுக்கறாங்க சார். நாமளும் அப்படிச் செஞ்சா என்ன?”

“அட, இது நல்லா இருக்குதே” என்றார் டாக்டர்.

அப்போது இருந்த ஆறு நர்ஸ்களுடைய சர்டிபிகேட்டுகளும் டாக்டர் அறையில் இருந்த பீரோவுக்குள் போயின. சாவி வினோலியாவிடம். எட்டு மாதம் ஒருத்தியும் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு டாக்டரின் மனைவி அவளுக்குப் பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டுதான் வினோலியா பூசைக்குப் போனாள்.

அந்த ஆறு பேரில் தனப்பிரியா புதுச்சத்திரத்துப் பெண். கைக்குழந்தைக்கும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள். ஒரு திங்கட்கிழமை காலையில் போனைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தாள்.

“அக்கா, கவர்மென்ட் நர்ஸ் லிஸ்ட்டுல பேரு வந்துருச்சுங்க்கா! வியாழக்கெழம மெட்ராஸ்ல சர்டிபிகேட் பாக்கறாங்களாம். ஒரிஜினல் இல்லாம ஆகாதாம்.”

வினோலியாவுக்கும் ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த கணமே ஷிப்ட் அட்டவணை கண்ணுக்குள் வந்து நின்றது. காய்ச்சல் சீசன். நடைபாதையில் மூன்று கட்டில் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். நர்ஸ்களில் ஒருத்தி மஞ்சுளாவே டெங்குவில் படுத்திருந்தாள். மகனின் காலேஜ் விஷயமாக டாக்டர் கோயம்புத்தூரில் இருந்தார். அவருக்குப் பதிலாக வேறொரு டாக்டர் வந்து போய்க்கொண்டிருந்தார். வினோலியா மோகன்குமாருக்குப் போன் செய்தாள்.

“இப்ப அந்தப் புள்ளையும் போயிட்டா இழுத்து மூட வேண்டியதுதானுங்க. நான் வெள்ளிக்கெழம வாரேன். அது வரைக்கும் ஏதாச்சும் சொல்லி வையுங்க” என்றார் அவர்.

என்ன சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதை வினோலியாவே யோசித்துக் கண்டுபிடித்தாள்.

“பீரோ சாவிய சார் கையோட எடுத்துட்டுப் போயிட்டாரும்மா. வெள்ளிக்கெழமதான் வருவாராம்.”

சாவி அவள் கைப்பையில், ஜெபமாலைக்குப் பக்கத்தில் கிடந்தது.

புதன்கிழமை மத்தியானம் பெண்ணின் அப்பா தங்கசாமி வந்தார். காட்டில் குச்சிக்கிழங்குக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அப்படியே பஸ் ஏறி வந்திருக்க வேண்டும். வேட்டி ஓரத்தில் சேறு காயவில்லை.

“அம்மணி, டாக்டருக்கு இன்னொருக்கா போன் போட்டுப் பாருங்க. எங்க இருக்கறாருன்னு சொன்னாப் போதும், நானே கோயம்புத்தூருக்குப் போயி சாவிய வாங்கியாந்துர்றேன்.”

வினோலியா அவர் எதிரிலேயே போனை எடுத்தாள். எந்த எண்ணையும் அழுத்தாமல் காதில் வைத்துக்கொண்டாள்.

“எடுக்க மாட்டேங்கறாருங்கய்யா.”

அவர் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாலைந்து தடவை அவள் அதே போல் போனைக் காதில் வைத்தாள். கடைசியில் அப்பாவும் பெண்ணும் ஜெராக்ஸ் நகல்களை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். “நேர்ல சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க” என்று அவளுக்குத்தான் அவர் தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு தனப்பிரியாவின் போன் வந்தது. வினோலியா எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப வந்தது. ஆறாவது தடவை அடித்தபோது போனை மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். மெட்ராஸில் இருந்த அதிகாரி இளகிய மனசுக்காரர் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. மறுநாள் பன்னிரண்டு மணிக்குள் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லத்தான் அந்தப் பெண் கூப்பிட்டிருக்கிறாள். அன்று யாராவது ஒருவரிடம் கொடுத்து பஸ் ஏற்றியிருந்தால் போய்ச் சேர்ந்திருக்கும்.

சனிக்கிழமை தனப்பிரியா ட்யூட்டிக்கு வந்தாள். அழுத முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டிருந்தாள். யாரையும் குறை சொல்லவில்லை. ஆயாம்மா பெரியநாயகிதான், ஒன்றும் தெரியாமல், படுக்கையைத் தட்டிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

“ஏனுங்க அம்மணி, செவ்வாக்கெழம பீரோவத் தொறந்தீங்கல்ல, அப்பவே ரெண்டு புதுப் போர்வ எடுத்திருந்தா இன்னைக்கி இந்தக் கிழிஞ்சத விரிக்க வேண்டாமில்லீங்க?”

தனப்பிரியா ஒரு கிழவரின் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து வினோலியாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து, பிளாஸ்திரி ஒட்டி, சொட்டு சரியாக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அன்றிலிருந்து வேலை சம்பந்தமான பேச்சைத் தவிர வினோலியாவிடம் அவள் வேறு எதுவும் பேசவில்லை.

இரண்டு மாதத்தில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ரிக் வண்டி வைத்திருந்தார். வருஷத்தில் பத்து மாதம் சத்தீஸ்கர் பக்கம் போர்வெல் போடப் போய்விடுவார். மனைவி வேலைக்குப் போவதில் அவர் வீட்டாருக்கு இஷ்டமில்லை. இப்போது சர்டிபிகேட்டுகளைத் திருப்பிக் கொடுக்க டாக்டருக்குத் தடையொன்றும் இருக்கவில்லை. வாங்கிக்கொள்ள வந்த பெண்ணோடு தங்கசாமியும் தாம்பாளத்தில் பத்திரிகை வைத்து எடுத்துவந்தார்.

“நீங்க கட்டாயம் வரோணும் அம்மணி. அன்னைக்கி எத்தன வாட்டி போன் போட்டீங்க! நான் பாத்துட்டுத்தான இருந்தேன். எம்பட புள்ளைக்குக் குடுத்து வெக்கல, நீங்க என்ன பண்ணுவீங்க.”

“ஐயா, அந்தச் சாவி…” என்று வினோலியா ஆரம்பித்தாள்.

“அப்பா, ஆட்டோக்காரரு கெளம்பறாரு பாருங்க. நிக்கச் சொல்லுங்க” என்றாள் தனப்பிரியா.

அவர் வேகமாக வெளியே போனார். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

“அவருகிட்டச் சொல்லாதீங்க. தலையெழுத்துன்னு நெனச்சு மனசத் தேத்திட்டு இருக்கறாரு. நீங்க சொல்லிப்போட்டா உங்களுக்குப் பாரம் எறங்கும். அப்பறம் அவரு தூங்க மாட்டாரு.”

“என்னை மன்னிச்சுரும்மா.”

“எதுல கையெழுத்துப் போடோணும்? காட்டுங்க” என்றாள் அவள்.

கல்யாணத்துக்கு வினோலியா போகவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை பீரோவைத் திறந்து, மற்ற ஐந்து பேரையும் கூப்பிட்டு, அவரவர் சர்டிபிகேட்டுகளை அவரவர் கையில் கொடுத்தாள். மாதக் கடைசிக்குள் மூன்று பேர் போய்விட்டார்கள். டாக்டர் கத்தவில்லை. “நீங்க சொன்ன யோசனைதானுங்களே” என்று மட்டும் கேட்டு, சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவளை வேலையை விட்டு அனுப்பவுமில்லை. அவளைப் போல் இன்னொருத்தி கிடைக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். நாற்பத்தேழு வயதில் வேறெங்கும் தன்னைச் சேர்க்க மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும்.

ஓமலூரிலிருந்து நிலா என்றொரு பெண் வேலைக்கு வந்தாள். படிப்பு முடித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நெஞ்சோடு ஒரு ஃபைலை அணைத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தாள். வினோலியா அவள் அருகில் போய்க் குனிந்தாள்.

“ஒரிஜினல் கேப்பாரும்மா. ஊட்டுல இருக்குதுன்னு சொல்லிரு. குடுக்காத.”

அந்தப் பெண் மிரண்டுபோய் அவளைப் பார்த்தாள். நர்ஸ்களை மேய்க்கிற மேனேஜர் எதற்காக இப்படிச் சொல்கிறாள், ஏதோ சோதிக்கிறாளோ என்று நினைத்திருக்கலாம். உள்ளே மணி அடித்தது.

கதவு சாத்தவில்லை. “எல்லாம் ஒரிஜினல்தானுங்க சார்” என்று அவள் சொல்வதும், பீரோ திறக்கிற சத்தமும் வெளியே கேட்டன.