பத்துக்குப் பத்து

அம்மாவின் மூச்சு நின்று நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. நர்ஸ் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போய்விட்டாள். கையெழுத்துப் போட வேண்டிய தாள்களுக்காக அண்ணன் கீழ்த்தளத்துக்குப் போயிருந்தான். கட்டிலை ஒட்டிக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்த கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. நிலவியல் தேர்வு.

முப்பத்தாறு வயதில், ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவள் அவள். அவளைப் போன்றவர்களுக்காகவே பேராசிரியர் பாடத்தை ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாகப் பேசிக் கைப்பேசிக்கு அனுப்புவார். சனிக்கிழமை மட்டும் நேர்வகுப்பு. செவ்வாய்தோறும் பத்துக் கேள்விகள். இருபது நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும், தவறினால் பூஜ்யம். பேருந்தில் நின்றபடியும், படுக்கை விரிப்புகள் சுழலும் இயந்திர இரைச்சலில் ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டும் கேட்டுக் கேட்டுத்தான் வந்தாள். மதிப்பெண் மட்டும் நாலைத் தாண்டியதே இல்லை.

கடைசி ஐந்து வாரம் இந்த வார்டிலேயே போயிற்று. அம்மாவுக்கு ஊட்டும்போது பாடத்தைச் சத்தமாக வைத்துவிடுவாள். அம்மாவுக்குப் பாறையைப் பற்றி ஒன்றும் புரியாது. பேசுகிற ஆளை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தாள். “இந்த வாத்தியாருக்குத் தொண்டை கட்டியிருக்குடி. வெந்நீர் குடிக்கச் சொல்லு” என்பாள். பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். முடிந்த பாடத்தையே திரும்ப வைக்கச் சொல்வதும் அம்மாதான். அந்தக் குரல் ஓடினால் தூக்கம் நன்றாக வருகிறதாம்.

தேர்வை ஏன் திறந்தாள் என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள். அவளுக்கே தெரியவில்லை. விரல் போயிற்று, அவ்வளவுதான். முதல் கேள்வி, ஆற்றுப்படுகையில் கனமான துகள் முதலில் படியுமா, லேசானதா. தொட்டாள். பச்சை. அடுத்தது. பச்சை. யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தலைக்குள் யாரோ எல்லாச் சாமான்களையும் வெளியே எடுத்துப் போட்டுப் பெருக்கிவிட்டாற்போல இருந்தது. அந்த வெற்றுத் தரையில் விடை மட்டும் தனியாகக் கிடந்தது. இடையில் ஒருமுறை, போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அம்மாவின் பாதத்தை மூடிவிட்டாள். மூடிவிட்டு ஏழாவது கேள்விக்குப் போனாள்.

திரைச்சீலை விலகியது. கையில் தாள்களோடு அண்ணன் நின்றான்.

“என்ன பண்ணிட்டிருக்க?”

“ஒரு கேள்விதான் பாக்கிண்ணா.”

அவன் கைப்பேசித் திரையைப் பார்த்தான். கட்டிலைப் பார்த்தான். திட்டியிருக்கலாம், பிடுங்கி எறிந்திருக்கலாம். ஒன்றும் செய்யாமல் ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். அவள் பத்தாவதையும் தொட்டாள்.

பத்துக்குப் பத்து.

பிணவண்டிக்காக இருவரும் வாசலில் நின்றபோது வகுப்புக் குழுவில் செய்தி வந்தது. ‘இந்த வாரம் முழு மதிப்பெண் ஒருவருக்குத்தான்’ என்று அவள் பெயரைப் போட்டிருந்தார் பேராசிரியர். அதன் கீழே கைதட்டல்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. ‘நன்றி சார்’ என்று அனுப்பினாள்.

“யாரு?” என்றான் அண்ணன்.

“காலேஜ்லேர்ந்து.”

“சொல்லிட்டியா?”

“இல்ல.”

“உனக்கு அழுகையே வரலையா?”

“வரலண்ணா.”

அதற்குப் பிறகு அவன் அவளிடம் பேசவில்லை. சித்தியிடம் சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவள் கூடத்துக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. வெளியேறினால் தொடர்ந்தது.

சனிக்கிழமை வகுப்புக்குப் போனாள். போக வேண்டும் என்று ஆசையெல்லாம் இல்லை. அது சனிக்கிழமையாக இருந்தது. பேராசிரியர் உள்ளே வந்ததுமே அவளைத் தேடினார்.

“எந்திரிங்கம்மா. நாலு வாங்கிட்டிருந்தவங்க எப்படிப் பத்து வாங்கினீங்க? இவங்களுக்கும் அந்த ரகசியத்தச் சொல்லுங்க.”

எழுந்தாள். நாற்பது முகங்கள் திரும்பின. சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“எங்கம்மா பக்கத்துல உக்காந்து எழுதினேன் சார்.”

“அவங்களும் சேந்து படிச்சாங்களா?”

“கூடவே கேட்டாங்க சார்.”

“அப்படின்னா பாதி மார்க் அவங்களுக்குத்தான்” என்றார். வகுப்பு சிரித்தது. நல்ல சிரிப்புதான், கபடமில்லாதது. அவள் முகமும் மற்றவர்கள் முகம் போலவே விரிந்தது. “ஆமா சார்” என்று உட்கார்ந்தாள்.

பேராசிரியர் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். உள்ளங்கையளவு, சாம்பல் நிறம், நடுவில் வெள்ளைக் கோடு. “போட்டோவுல பாத்தது போதும், தொட்டுப் பாருங்க” என்று முன்வரிசையில் கொடுத்தார். கல் கைமாறிக் கைமாறி, அவளுடைய நாலாவது வரிசைக்கு வந்தது. வாங்கினாள். சில்லென்றிருக்கும் என்று நினைத்திருந்தாள். இத்தனை பேர் பிடித்துக் கொடுத்ததில் அது வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்திலிருந்த பெண் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.