பெண் தும்பி வந்த அன்று

ஓடைக்கரைக் கொட்டகையில் அவர்கள் தங்கியிருந்ததே பெண் தும்பிக்காகத்தான். ஆண் தும்பிக்குக் குறைவில்லை. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத உடம்பு, கறுப்பில் மஞ்சள் பட்டை. ஆளுக்கொரு ஈரக்கல்லைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கல்லுக்காரன் எல்லை தாண்டினால் விரட்டிவிட்டு மறுபடி அதே கல்லில் வந்து உட்காரும். பெண் எங்கே, எப்படி முட்டையிடுகிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. அதைக் காணாமல் மலையிறங்குவதில்லை என்று ஒற்றைக்காலில் நின்றார் பூச்சி ஆராய்ச்சிக்காரர்.

ஆனால் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. கல்லே மங்கல்தான். பார்த்துச் சொல்வது மனைவி, கேள்வி கேட்பது அவர்.

கீழே மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. 'வந்தது, முட்டையிட்டது' என்று ஒரு பொய் சொல்லிவிட மனைவிக்குப் பலமுறை நாக்கு துறுதுறுத்தது. துருவித் துருவிக் கேட்பாரே என்று அடக்கிக்கொண்டாள்.

அன்று வெயில் ஏறியதும் நிஜமாகவே வந்தது.

"ஏங்க, வந்துட்டா!"

"அசையாதே. என்ன பண்றா?"

"பறந்துகிட்டே வால் நுனியால தண்ணியத் தொட்டுத் தொட்டு எடுக்கறா. அவன் மேலேயே காவலுக்கு நிக்கறான்."

"பாசியிலயா, மணல்லயா?"

"மணல் மேல. ஓட்டம் குறைஞ்ச இடத்துல."

அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"நாளைக்கே ஜீப்ப வரச் சொல்லிடறேன். உங்க கண் ஆபரேஷனையும் முடிச்சுடலாம்."

"இப்பப் போயா? குஞ்சு பொரிச்சு, மணலுக்குள்ள வளர்ந்து, தோலுரிச்சு வெளிய வர்றதப் பாக்க வேண்டாமா? அடுத்த மழை முடியற வரைக்குமாவது இருக்கணும்."

"அதையும் நான்தானே பாக்கணும்?"

"வேற யாரு இருக்கா எனக்கு?" கொஞ்சலாகத்தான் கேட்டார். அவளுக்கு மூச்சு முட்டியது.

"நான் போறேன். நீங்க இருந்துக்குங்க."

"தாராளமா போயிட்டு வா" என்று எழுந்தவர், கொட்டகை என்று நினைத்துத் தண்ணீரை நோக்கி நடந்தார். அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் திருப்பினாள்.

மறுநாள் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. பையோடுதான் இறங்கிப் போனாள். போனவள், பேரப்பிள்ளைக்குத் தைத்து வைத்திருந்த சட்டைகளை மட்டும் வெளியே எடுத்து டிரைவரிடம் கொடுத்தாள்.

"நீங்க வரலையாம்மா?"

"பொண்ணுகிட்ட போன்ல சொல்ல எனக்குத் தைரியம் இல்லப்பா. வழியெல்லாம் தண்ணி ஏறிடுச்சு, அம்மாவால வர முடியலன்னு நீயே சொல்லிடு."

டிரைவர் அண்ணாந்து பார்த்தான். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. சரியென்று தலையாட்டிவிட்டு வண்டியைத் திருப்பினான்.