டெல்ஸியின் கால் சில்லிட்ட காலை

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கிண்டலில் பிறந்தது. டாஸ்மேனியாவின் தெற்குத் துறைமுகத்தில் பதினெட்டு வருடமாக அபலோன் சிப்பிகளை எடைபோடுகிறேன். இங்கே கடைசி நேரத்தில் பின்வாங்குகிறவரை, கல்யாணமோ கடலோ, 'கால் சில்லிட்டுப்போச்சு' என்பார்கள்.

2
எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு? பனியில் பாதம் விறைத்து நடக்கமுடியாமல் போன சிப்பாய்களிடமிருந்து என்கிறார்கள் சிலர். கால் குளிர்கிறதென்று சாக்குச் சொல்லிச் சீட்டாட்டத்திலிருந்து நழுவிய சூதாடியிடமிருந்து என்கிறார்கள் வேறு சிலர். யாருக்கும் நிச்சயமில்லை. (என் கதையின் டெல்ஸி சிப்பாயா, சூதாடியா? அங்கேதான் என் பேனா நிற்கிறது.)

3
டெல்ஸி பயமே அறியாத... இல்லை, இது பொய்.

டெல்ஸி இருபது வருடமாகச் சிப்பிக்கு மூழ்குகிறவள். படகிலிருந்து குழாய் வழியே அவளுக்குக் காற்றனுப்பும் கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்வது தம்பி ராய்ஸின் வேலை. போன மாதம் அவள் பதினைந்து மீட்டர் ஆழத்தில் இருந்தபோது காற்று நின்றது. எப்படி மேலே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அதன்பிறகு முதல்முறையாக, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, படகின் விளிம்பில் உட்கார்ந்தாள். எழவில்லை, குதிக்கவுமில்லை.

"என்ன டெல்ஸ், கால் சில்லிட்டுப்போச்சா?"

"ஆமாடா. நெசமாவே மரத்துப்போச்சு, தொட்டுப் பாரு."

ராய்ஸ் சிரித்தான்.

"அன்னிக்கு கம்ப்ரசருக்கு பெட்ரோல் ஊத்துனியா?"

சிரிப்பு நின்றது. "பாதிதான் ஊத்துனேன். போதும்னு நெனச்சேன்."

"ஒரு மாசமா குழாய்ல கோளாறுன்னியே!"

"சொன்னா என்னைக் கரையில விட்டுட்டுப் போயிருவியோன்னு பயம், டெல்ஸ்."

4
'அவள் தம்பியை மன்னித்துக் குதித்தாள்' என்று எழுதினேன். அடித்தேன். 'படகைத் திருப்பச் சொன்னாள்' என்றும் எழுதி, அதையும் அடித்தேன். நடந்தது இதுதான்:

"நீ எறங்கு. கம்ப்ரசர்கிட்ட நான் நிக்கிறேன்."

ராய்ஸும் மூழ்கத் தெரிந்தவன்தான். ஆனாலும் உடுப்பை மாட்டுகையில் அவன் முகம் வெளுத்தது. "வெளையாடாத டெல்ஸ்" என்றான். அவள் காற்றுக்குழாயை நீட்டினாள். இறங்கினான்.

5
என் எடைமேடையருகே நின்று அவளே என்னிடம் சொன்னாள்: "அவன் தலை மறைஞ்சதும் என் கை கம்ப்ரசரை நிறுத்துற சுவிட்ச் மேல போச்சு. நான் போகச் சொல்லல. அதுவாப் போச்சு. அப்பதான் எனக்கு நெசமான பயம் வந்துது."

பதினொரு நிமிடம் கழித்து ராய்ஸ் மேலே வந்தான். தானாக வந்தானா, காற்று நின்றதால் வந்தானா என்று கேட்டேன். அவள் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டாள். ராய்ஸும் வாய் திறப்பதில்லை. இப்போது இருவரும் வேறுவேறு படகில் போகிறார்கள்.

அந்தப் பதினொரு நிமிடத்தை என்னால் எழுதமுடியாது. உங்கள் தம்பி கீழே, உங்கள் கை சுவிட்சின் மேல். நீங்கள் எழுதுங்கள்.