ஒரே பானைச் சட்டம்

2006இல் ஜேர்மனியின் எசன் நகர வேலை அலுவலகம் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு மேசை கொடுத்தது. புதன்கிழமைகளில் சங்கத்தின் வெரோனிக்கா அங்கே இருந்து, வருகிறவர்கள் தமிழில் சொல்வதை ஜேர்மன் மொழியில் எழுதிக் கொடுப்பார்.

வேலையில்லாமல் உதவிப்பணம் கேட்டு வந்த றெக்ஸிடம் அவர் கேட்டார்: "வீட்டில ஆரோட இருக்கிறீங்கள்?"

"தங்கராசா அண்ணையோட, அக்கா."

வெரோனிக்கா 'சகோதரர்' என்று எழுதினார்.

சட்டம் இப்படித்தான் இயங்குகிறது: ஒரே வீட்டில் இருக்கும் உறவினர் ஒருவரையொருவர் தாங்குவார்கள் என்று அது ஊகித்துக்கொள்ளும். தங்கராசாவுக்கு நல்ல சம்பளம். ஆகவே றெக்ஸுக்கு உதவிப்பணம் மறுக்கப்பட்டது. அந்த உதவி பெறாதவரை அலுவலகம் பயிற்சிக்கும் அனுப்பாது. பாரந்தூக்கி வண்டிப் பயிற்சி திங்கட்கிழமை தொடங்குகிறது. அதை முடித்தால் ஒரு கிடங்கில் வேலை உறுதி.

"அண்ணை எண்டா கூடப்பிறந்ததே, அக்கா?" என்றான் றெக்ஸ். "நான் மன்னார், அவர் அளவெட்டி. எனக்கு மடுமாதா, அவருக்கு முருகன்."

வெரோனிக்கா அலுவலர் கெல்லரிடம் போய், இருவரின் குடும்பப் பெயர்களும் வேறு என்று காட்டினார். தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறிப் பதிவாகிவிடுவதால் தமிழ்ச் சகோதரர்களுக்கு அப்படி இருக்கலாம் என்றார் கெல்லர். அதை அவருக்குச் சென்ற வருடம் விளக்கியதே சங்கம்தான்.

இன்னொரு வழி இருந்தது. உறவினரே ஆனாலும், 'ஒரே பானையில்' வாழாவிட்டால் அந்த ஊகம் செல்லாது. சேர்ந்து வாங்கிச் சேர்ந்து செலவழிப்பதற்கு ஜேர்மன் சட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. றெக்ஸ் மாட்டிறைச்சி சமைப்பதால் தங்கராசா தன் பானைகளை அலுமாரியில் பூட்டியே வைத்திருந்தார். வெரோனிக்கா அதைச் சொன்னதும், வியாழக்கிழமை வந்து பார்ப்பதாகக் கெல்லர் சொன்னார்.

வெரோனிக்கா தொலைபேசியில் எல்லாவற்றையும் தங்கராசாவுக்கு விளக்கினார். அவரும் "ஓம், ஓம்" என்றார். அவர் மனதில் நின்றது ஒன்றுதான்: வீட்டுக்கு ஓர் அதிகாரி வருகிறார்.

கெல்லரும் வெரோனிக்காவும் வந்தபோது மேசையில் பெரிய பானை நிறையச் சோறு இருந்தது. பக்கத்தில் கத்தரிக்காய்க் குழம்பு. தங்கராசா நாலு சாப்பாட்டுக் கோப்பைகளிலும் பரிமாறினார்.

"அண்ணை, என்ன வேலை பார்த்து வச்சிருக்கிறீங்கள்!" என்றான் றெக்ஸ், மெல்ல.

"வந்த மனுசனை வெறும் வயித்தோட அனுப்பேலுமே? நீயும் இரு. உன்ர மாட்டை நாளைக்குத் தின்."

கெல்லர் இரண்டாம் தரமும் குழம்பு வாங்கினார். சாப்பிட்டு முடித்துப் பேனாவை எடுத்தார். "ஒரே பானை," என்றார்.

"நீங்களும் அதிலிருந்துதானே சாப்பிட்டீர்கள்?" என்று வெரோனிக்கா ஜேர்மன் மொழியில் கேட்டார். "உங்கள் சம்பளத்தையும் இந்த வீட்டோடு சேர்ப்பீர்களா?"

கெல்லர் யோசித்தார். தான் விருந்தாளி என்றார். விருந்தாளியைக் குடித்தனத்தில் சேர்க்க முடியாது. பிறகு றெக்ஸைக் காட்டி, "இவரும் விருந்தாளியா?" என்றார்.

வெரோனிக்கா அதைத் தங்கராசாவிடம் தமிழில் கேட்டார். இந்தத் தடவை ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

"இண்டைக்கு மட்டும்," என்றார் தங்கராசா. "மற்ற நாளில இவன்ர சட்டிக்குக் கிட்டவும் நான் போகமாட்டன்."

கெல்லர் அலுமாரிப் பூட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே இருந்த பானைகளைப் பார்த்து, 'இரண்டு பானை' என்று எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை றெக்ஸ் பாரந்தூக்கியில் ஏறினான். அந்த வண்டி பின்சக்கரங்களால் திரும்பும். அது பிடிபட அவனுக்கு மத்தியானம் ஆகிவிட்டது.